கணக்கு டீச்சர் கேட்ட பூச்சாடி

கண்ணாடிச் சாடியை இரண்டு கையாலும் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, அதன் அடியைப் பார்த்தார் கணக்கு டீச்சர். அவருடைய பிரியாவிடை அன்று நடந்தது இது. மண்டபம் என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் தட்டியைக் கழற்றினால் அதுதான் மண்டபம். அங்கே கூடியிருந்த பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்து, "நல்ல வடிவாயிருக்கு" என்று சொல்லிச் சாடியை மேசையில் வைத்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாடிக்காகப் பதுளை முழுக்க ஒரு நாள் அலைந்தவள் நான். இந்த மனுஷி விலையைத் தேடுகிறாரே என்று சுருக்கென்றிருந்தது.

அது நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது. கணக்கு டீச்சர் காலமாகியும் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இப்போது என் முறை. வருகிற மாதம் எனக்கு அறுபது. வீட்டுக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. போன கிழமை ஆசிரியர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர், எங்கள் ஆங்கில டீச்சர், இடைவேளையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வயதுக்காரர், நல்ல மனசு, வாயைத் திறந்தால் படபடவென்று கொட்டிவிடுவார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க பிரியாவிடைக்கு என்ன வாங்குறதுன்னு எங்களுக்கு ஒண்ணுமே வெளங்கல. எப்பவும் நீங்கதானே சாடி பாத்து வாங்கியாருவீங்க. இதையும் நீங்களே பதுளைக்குப் போயி, ஒங்களுக்குப் புடிச்சதா ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்களேன்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லமாட்டேன், அது பொய். எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. இந்த ஒரு தடவையாவது யாராவது ஒருவர் எனக்கென்று கடைக்குப் போய், இதுவா அதுவா என்று நின்று யோசித்து, ஒரு பொருளை எடுத்து வரவேண்டும். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஆனால் கடைக்குள் கால் வைக்கமாட்டார், வாசலிலேயே நின்று பீடி பற்றவைப்பார். என் புடைவை, என் செருப்பு, என் மூக்குக்கண்ணாடி எல்லாம் நானே பார்த்து நானே எடுத்தவை. அவர் கண்ணை மூடிய பிறகு கேட்கவே வேண்டாம். எத்தனையோ பேரை நான் சாடி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு வரும்போதும் நான்தான் போகவேண்டும் என்றால், கையையும் காலையும் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

இந்த வேலை என் தலையில் விழுந்தது தற்செயலாக. கொஸ்லந்தைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் பாடசாலை. தமிழ் படிப்பிக்க நான் அங்கே போன முதல் வருஷம், மாற்றலாகிப் போகிற ஒரு வாத்தியாருக்கு, நாங்கள் 'சேர்' என்போம், ஏதாவது கொடுக்கவேண்டியிருந்தது. எனக்குப் பதுளையில் ஒரு அலுவல் இருந்ததால் என்னிடம் சொன்னார்கள். சுவர் மணிக்கூட்டை ஏற்கெனவே மூன்று பேருக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். கடையில் ஒரு பீங்கான் பூச்சாடி கண்ணில் பட்டது, எடுத்து வந்தேன். எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். அதோடு முடிந்தது கதை. அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறவர், மாற்றலாகிறவர், கல்யாணம் முடித்துப் போகிறவர் எல்லாருக்கும் பூச்சாடிதான், வாங்குவதும் நான்தான். டீச்சருக்குச் சாடி பார்க்கத் தெரியும் என்று ஒரு பேர் வந்துவிட்டது. அந்தப் பேரை இன்றுவரை இறக்கி வைக்க முடியவில்லை.

உண்மையைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குச் சாடியில் பூ வைக்கிற பழக்கமே கிடையாது. பூ என்றால் சாமிக்கு, தலைக்கு, இல்லாவிட்டால் செத்தவருக்கு. கொழுந்து பறித்த என் அம்மா ஒரு தடவை துரை பங்களாவுக்கு ஏதோ வேலையாகப் போய்விட்டு வந்து, "செடியில இருந்தா நாலு நாளு கூட நிக்கும். அத எதுக்கு வெட்டிக் கொண்டாந்து தண்ணியில நிக்க வச்சு சாகடிக்கிறாங்க" என்று கேட்டார். நான் வாங்கிக் கொடுத்த சாடிகளில் பாதி டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜாவோடு நிற்கின்றன. தீபாவளிக்கு முன்னால் பூவையும் சாடியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பார்கள். ஒரு சேர் வீட்டில் கரண்ட் பில்லைச் சுருட்டிச் சுருட்டி அதற்குள் செருகியிருந்தார்கள்.

அதற்காக நான் ஏனோதானோவென்று எடுப்பதில்லை. முதலில் அந்த ஆளின் வீட்டு மேசை எப்படி என்று விசாரிப்பேன். சாப்பாட்டு மேசை என்றால் சாடி கட்டையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எதிரே இருப்பவரின் முகம் தெரியாது. மூலையில் வைக்கிற முக்காலி என்றால் உயரம் பரவாயில்லை. ஹல்துமுல்லைப் பக்கத்தில் வீடு என்றால் அடி கனமாக இருந்தே ஆகவேண்டும். ஆடி மாதக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் கலண்டரே பறந்துவிடும். டேலியா வளர்க்கிறவர்களுக்கு அகன்ற வாய், ஒன்றிரண்டு அந்தூரியம் மட்டும் வைக்கிறவர்களுக்கு ஒடுங்கிய கழுத்து. தெளிந்த கண்ணாடி பார்க்க அழகுதான், ஆனால் தினமும் தண்ணீர் மாற்றவேண்டும், மாற்றாவிட்டால் தண்டு அழுகுவது வெளியே தெரியும். அதனால் சோம்பேறிகளுக்கு எப்போதும் பீங்கான்தான் எடுப்பேன். யார் யாருக்குப் பீங்கான் கொடுத்தேன் என்று இங்கே சொல்லமாட்டேன்.

கணக்கு டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நியமனத்திலேயே எங்கள் பாடசாலைக்கு வந்தவர். அவரைப்போல வந்த மற்றவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் ஊருக்கு மாற்றல் எடுத்துக்கொண்டு போனார்கள், அவர் போகவில்லை. ஊரில் சண்டை நடந்த காலம் முழுக்க இங்கேதான் இருந்தார், சண்டை முடிந்த பிறகும் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் டீச்சர் என்று கேட்டால், "நேரம் கிடைக்கேல்ல" என்பார், அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டார். புள்ளி போடுவதில் கருமி. பாதை பிழையாக இருந்து விடை மட்டும் சரியாக வந்தால் ஒரு புள்ளிகூடத் தரமாட்டார். பிள்ளைகள் பயந்தார்கள், ஆனால் அவர் வகுப்பில் ஒருத்தரும் தூங்கியதில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னைப் 'பிள்ளை' என்பார், 'நீர்' என்பார். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதால் முதலில் எனக்கு ஏதோ அதிகாரி மிரட்டுவது மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது.

பாடசாலைக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை விடுதியில் இருந்தார். வாசல் படியோரம் ஒரு ஹைட்ரேஞ்சியா நட்டிருந்தார். எங்கள் தேயிலை மண் புளிப்பு மண். அதில் அந்தப் பூ நல்ல நீலமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அரிசி கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவார். அதற்குச் செடி என்றுகூடச் சொல்லமாட்டார், 'கண்டு' என்பார், இருபது வருஷத்துச் செடியை. ஒரு தடவை கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று எங்கள் பாடசாலை அதிபர் தன் மேசைக்கு வைக்க நாலு கொத்து கேட்டார். "அது வெட்ட ஏலாது சேர்" என்றார் டீச்சர். அதிபர் முகம் சுருங்கிப் போனது. கடைசியில் நான் ஓடிப்போய்த் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் இருந்து காலா லில்லி பறித்து வந்து சமாளித்தேன். பூவை வெட்டவே விடாத ஒருவர் பூ வைக்கிற சாடி கேட்பாரா என்று, பின்னால் அவர் சாடி கேட்டபோது எனக்கு யோசனை போயிருக்கவேண்டும். போகவில்லை.

அவர் ஓய்வு பெறுகிற தவணையில், என்ன வாங்கட்டும் என்று நேரே கேட்டேன். எனக்கென்னத்துக்கு என்றார். மறுநாள் இடைவேளையில், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார். "நேற்றுக் கேட்டனீர்தானே. ஒரு பூச்சாடி எண்டால் நல்லம். வாய் அகலமாயிருக்கட்டும். பாரமாயும் இருக்கவேணும், காத்துக்கு விழாமல். கன பெரிசும் வேண்டாம். மடியில வைச்சுக் கொண்டுபோகக்கூடியதாப் பாரும்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அத்தனை வருஷத்தில் இப்படி அளவு சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சாடியின் அருமை தெரிந்த மனுஷி என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் போனேன். அது கார்த்திகை மாதம். ஹப்புத்தளை, பண்டாரவளை தாண்டி மூடுபனிக்குள் நெளிந்து நெளிந்து பதுளையில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக நான் போகிற கடையில் வாய் அகன்றதெல்லாம் சட்டி மாதிரி இருந்தது. அடுத்த கடையில் கண்ணாடி, லாம்புச் சிமினி மாதிரி மெல்லிசு. இன்னொன்றில் தங்க நிறத்தில் டிராகன் போட்டு வைத்திருந்தார்கள். சாடி பூவைவிடச் சத்தம் போடக்கூடாது. மத்தியானம் செருப்பு வார் அறுந்தது. ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தேன். முடிவில் திரும்ப முதல் கடைக்கே வந்தேன். நான் நனைந்த புடைவையோடு நிற்பதைப் பார்த்து முதலாளிக்கே பாவமாகிவிட்டது. ஏணி வைத்து ஏறி, மேல் தட்டில் பழைய பேப்பர் சுற்றிக் கிடந்த ஒன்றை எடுத்து வந்தார். கனத்த கண்ணாடி, அகன்ற வாய், ஒரு சாண் உயரம், அடி மட்டும் இரண்டு விரல் தடிப்பு. கையில் எடுத்ததும் இதுதான் என்று தெரிந்துவிட்டது. வருகிற வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், அவருடைய அளவு சரியா என்று பார்க்கத்தான்.

அந்தச் சாடியைத்தான் அவர் கவிழ்த்துப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் ஊருக்குப் புறப்பட்டார். புத்தகப் பெட்டியும் கட்டிலும் முன்னமே ஒரு மரக்கறி லொறியில் போய்விட்டன. காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் வழியனுப்ப விடுதிக்குப் போனோம். வாசல் படியோரம் ஒரு குழி. பக்கத்தில் ஈரச் சாக்கில் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. உருளைக்கிழங்கு என்று நினைத்து, "இது கொண்டு போறதுங்களா டீச்சர்" என்று கேட்டேன். டீச்சர் அந்த மூட்டையைப் பார்த்தார், என் கையிலிருந்த சாடிப் பெட்டியைப் பார்த்தார். "இல்லை, அது கிடக்கட்டும்" என்றார். பெரகல சந்தியில் பஸ் நிறைய ஆட்களோடு வந்தது. எப்படியோ அவருக்கு ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்தோம். காலடியில் சூட்கேஸ். நான்தான் பெட்டியை ஜன்னல் வழியாகத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். "கவனமா வச்சுக்குங்க டீச்சர், கண்ணாடி" என்றேன். அவர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கோலத்தில்தான் கொழும்புப் பாதையில் பஸ் இறங்கிப் போனது.

பிறகு தைப்பொங்கலுக்கும் வருஷப்பிறப்புக்கும் தொலைபேசியில் பேசுவோம். சாடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விலை பார்த்தாரே என்ற அந்தச் சுருக் எனக்குள் கிடந்துகொண்டே இருந்தது. பெரிய கோபமெல்லாம் இல்லை. கல் கிடக்கிற செருப்பைக் கழற்றி உதறச் சோம்பல்பட்டு அப்படியே நடப்போமே, அப்படி.

அவர் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா போனோம். ஒரு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் எனக்கு ஓய்வு கிடைத்தது. முச்சக்கர வண்டி பிடித்து அவர் இருந்த இடத்துக்குப் போனேன். தங்கச்சியின் மகன் வீடு. குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை அவருக்கு. மெலிந்து போயிருந்தார், கால் வீங்கியிருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னமும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்றார்கள். அவருடைய மேசையில் நான் வாங்கிய சாடி நின்றது. அதற்குள் இரண்டு பனையோலை விசிறியும் கோடு போடுகிற ஒரு நீள அடிமட்டமும் செருகியிருந்தன. தூசி இல்லை, நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்.

"பூச்சாடிய இன்னும் வச்சிருக்கீங்களா டீச்சர்" என்று கேட்டேன், உண்மையான சந்தோஷத்தில்.

அவர் சிரித்தார். "இது பூச்சாடி இல்லைப் பிள்ளை. அங்க பாரும், அதுதான் பூச்சாடி" என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். முற்றத்து விளிம்பில் சீமெந்துச் சட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் குரோட்டன், ஒன்றில் ரோசா, ஒன்றில் ஏதோ கள்ளி. மண் நிரப்பிச் செடி வைக்கிற சட்டிகள். நாங்கள் பூச்சட்டி என்போம். அவர்கள் அதைத்தான் பூச்சாடி என்கிறார்கள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அகன்ற வாய், வேர் பரவ. பாரம், காற்றுக்குச் செடியோடு விழாமல் இருக்க. மடியில் வைக்கிற அளவு, பஸ்ஸில் கொண்டுபோக. எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நானும் எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறேன். முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவள் ஒரு தமிழ்ச் சொல்லில் கோட்டை விட்டுவிட்டேன்.

"அன்னைக்கி கவுத்துப் பாத்தீங்களே" என்றேன்.

"ஓம். அடியில ஓட்டை இருக்கோ எண்டு பார்த்தனான். கண்ணாடியைக் கண்ட உடனேயே விளங்கினதுதான். எண்டாலும் ஒரு நப்பாசை." வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அப்புறம்தான் அந்தச் சாக்கு மூட்டையைப் பற்றிச் சொன்னார். ஹைட்ரேஞ்சியாவின் கிளைகளைக் கட்டையாக நறுக்கி, வேரோடு மண்ணோடு கிளப்பிக் கட்டி வைத்திருந்தாராம். நாங்கள் தருகிற பூச்சாடியில் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு வருவதாகத் திட்டம், அது கிடைக்காததால் சாக்கோடாவது மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாராம். "இஞ்ச சுண்ணாம்பு மண். நீலமாப் பூக்கிறது இஞ்ச ரோசா நிறமாப் பூக்கும் எண்டு வாசிச்சனான். அது சரியோ எண்டு பார்க்க ஒரு ஆசை. வேற ஒண்டுமில்லை" என்றார். இந்த வெயிலுக்கு அது நின்றிருக்குமா டீச்சர் என்று கேட்டேன், என் மனசாறுதலுக்குத்தான். "பட்டுத்தான் போயிருக்கும். எண்டாலும் ஒரு மாரிக்கு நிண்டிருக்கும். ஒருக்காப் பூத்திருக்கும்" என்றார். கணக்கு டீச்சர் அல்லவா, ஆறுதலுக்காக விடையை மாற்றிச் சொல்லமாட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிப்போய் ஒரு வாளியாவது கொண்டுவந்திருப்பேனே என்று கேட்டேன். அந்தப் பெட்டியை அவர் மடியில் வைத்ததே நான்தானே, அந்த இடம் செடிக்கு வைத்திருந்த இடமல்லவா என்று புலம்பினேன். இவ்வளவு வருஷமாக விலை பார்த்தார் என்று நினைத்துக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டேன்.

"சும்மா இரும்" என்றார், வகுப்பில் அதட்டுகிற அதே குரலில். "மடியில ஒண்டைத்தான் வைக்கலாம். எதை விடுறது எண்டு நான்தான் யோசிச்சனான், நீர் இல்லை. கண்டு நான் வைச்சது, நான் தண்ணி ஊத்தினது. இது அப்பிடியில்லை. நீர் மழையில செருப்பறுந்து பதுளைக் கடையெல்லாம் ஏறி இறங்கினதை அதிபர் எனக்குச் சொன்னவர். பிழையான சாமான்தான். ஆனால் எனக்கெண்டு ஒருத்தரும் ஒரு நாளும் அப்பிடித் தேடித் திரிஞ்சதில்லைப் பிள்ளை." சொல்லிவிட்டு விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். உள்ளேயிருந்து தேத்தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று நான் எழும்பினேன். அடுத்த தடவை ஒரு சின்னச் செடி கொண்டு வருகிறேன் என்றேன். இனித் தண்ணி ஊத்த என்னால ஏலாது என்றார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

நேற்று முன்தினம் நான் பதுளைக்குப் போனேன். ஆங்கில டீச்சருக்குச் சரி என்று தலையாட்டிவிட்டேனே. இப்போதெல்லாம் அந்தப் பஸ் பயணம் என்னை உலுக்கி எடுத்துவிடுகிறது. இறங்கினால் முழங்கால் பத்து நிமிஷத்துக்கு என் பேச்சைக் கேட்பதில்லை. கடையில் முதலாளி, தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கும், வழக்கம்போல, "வாங்க டீச்சர், இந்த முறை யாரை அனுப்புறீங்க" என்று கேட்டார். "என்னையத்தான்" என்றேன். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு நாற்காலி இழுத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைத்து, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வெள்ளைப் பீங்கான், பச்சைக் கண்ணாடி, மூங்கில் மாதிரி செய்த ஒன்று, இப்போது புதிதாக வருகிற சாம்பல் நிறத்தில் ஒன்று. எல்லாம் நல்ல சாடிகள். என் மேசை எனக்குத் தெரியும், என் வீட்டுக் காற்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை எதன்மேலும் போகவில்லை. எது வேண்டும் என்று யோசிக்க யோசிக்க அலுப்பாகத்தான் வந்தது. பிளேன்டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

இன்று இடைவேளையில் ஆங்கில டீச்சர் ஓடி வந்தார். "எடுத்துட்டீங்களா டீச்சர்? என்ன கலர்?"

"இல்லம்மா. நான் எடுக்கல. நீங்கதான் போகணும்" என்றேன்.

"ஐயோ, எனக்கு சாடியப் பத்தி என்னா டீச்சர் தெரியும்? எதையாவது தப்பா எடுத்துட்டு வந்துட்டேன்னா?"

"எடுங்க. தப்பாவே எடுங்க. சாடிதான் வேணும்னுகூட இல்ல. நீங்க கடைக்குப் போயி, டீச்சருக்கு இது சரியா வருமான்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்து எடுங்க. அது போதும் எனக்கு."

அறுபது வயதில் இதை வாய்விட்டுக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. ஆங்கில டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்குள் போனார்கள். அவர் எழுந்து, என் தோளில் கையை வைத்து, "சனிக்கிழமை காலையிலயே போறேன் டீச்சர்" என்றார்.